எரிவாயு தூயதா? கிணறு முதல் அடுப்பு வரை ஒரு கணக்கு



மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலை நம் பங்குகளில் பலர் வாசித்திருக்கிறோம். அன்பியக் கூட்டங்களிலும் அதன் பகுதிகள் பகிர்ந்துகொள்ளப்பட்டுள்ளன. அம்மடலின் 165-ஆம் எண்ணில், நிலத்தடியிலிருந்து எடுக்கும் எரிபொருள்களுக்கு மாற்று காண்பதைத் தள்ளிப்போடக் கூடாது என்று திருத்தந்தை கூறுகிறார். அவ்விடத்தில் அவர் மூன்று எரிபொருள்களை ஒரு வரிசையில் வைப்பதை நாம் அதிகம் கவனித்திருக்க மாட்டோம். நிலக்கரிக்கு முதலிடம், எண்ணெய்க்கு அடுத்த இடம். எரிவாயுவை அவர் விட்டுவிடவில்லை. ஆனால் அதன் தீங்கு மற்ற இரண்டைவிடச் சற்றுக் குறைவு என்ற குறிப்போடு மூன்றாவதாக வைக்கிறார்.

அந்தச் 'சற்றுக் குறைவு' எவ்வளவு குறைவு? இதைத்தான் இந்த வாரம் நாம் சிந்திக்க இருக்கிறோம். இது நமக்குத் தொலைவில் உள்ள கேள்வி என்று நினைக்க வேண்டாம். சென்னைக்கு அருகே எண்ணூரில் திரவ எரிவாயுவைக் கப்பலிலிருந்து இறக்கும் முனையம் 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரையிலான எரிவாயுக் குழாய் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நம் மாவட்டங்கள் பலவற்றில் வீடுகளுக்குக் குழாய் வழியே எரிவாயு கொடுக்கும் பணி நடந்து வருகிறது. தெருவைத் தோண்டுகிறவர்களிடம் கேட்டால் "இது சுத்தமான எரிபொருள்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் அது பாதிக் கதை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இன்று நம் சமையலறையில் இருக்கும் சிலிண்டருக்குள் இருப்பது இயற்கை எரிவாயு அன்று. அது புரோப்பேன், பியூட்டேன் என்ற வாயுக்களை அழுத்தித் திரவமாக்கியது. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதும், கிணற்றில் கிடைக்கும் எரிவாயுவைப் பிரிக்கும்போதும் அது கிடைக்கிறது. காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் தரையோடு தங்கும். குழாய் வழி வரவிருப்பதோ பெரும்பாலும் மீத்தேன். அது காற்றைவிட இலேசானது; கசிந்தால் மேலே எழும்பிவிடும். இரண்டுக்கும் இயல்பில் மணம் கிடையாது. நாம் முகர்ந்தவுடன் கண்டுகொள்ளும் அந்தக் கெட்ட வாடை, எச்சரிக்கைக்காகச் சேர்க்கப்படுவது. அதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1937-ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரில், பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் மணமற்ற எரிவாயு தேங்கி வெடித்து, ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மாணவ மாணவியர். வாடை சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் அதன்பிறகுதான் பரவலாயிற்று.

மீத்தேன் என்றவுடன் நம்மில் பலருக்கு மன்னார்குடியும் நெடுவாசலும் நினைவுக்கு வரும். அங்கே மக்கள் எழுப்பிய கேள்வி விளைநிலத்தையும் நிலத்தடி நீரையும் பற்றியது. 2020-ஆம் ஆண்டில் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாகச் சட்டம் பெற்றதற்கு அந்தப் போராட்டங்களும் காரணம். அது தனியாக எழுத வேண்டிய செய்தி. இங்கே நாம் பேசுவது, மண்ணிலிருந்து எடுத்த பிறகு அந்த வாயு வானத்துக்கு என்ன செய்கிறது என்பதை.

எரியும்போது எரிவாயு நல்ல பிள்ளைதான். மீத்தேனின் ஒவ்வொரு துகளிலும் ஒரு கார்பன் அணுவோடு நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஹைட்ரஜன் எரிந்தால் நீராவி. கார்பன் எரிந்தால் கரியமில வாயு. நிலக்கரியிலோ கார்பனே மிகுதி. ஆகவே ஒரே அளவு வெப்பத்துக்கு இரண்டும் வெளிவிடும் கரியமில வாயு ஒன்றாக இருப்பதில்லை. 100 கிலோ மீத்தேனை எரித்தால் 275 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. அதே வெப்பத்தைப் பெற தரமான நிலக்கரி ஏறக்குறைய 200 கிலோ தேவை. அதிலிருந்து வெளிவருவது ஏறக்குறைய 475 கிலோ. நிலக்கரியோடு வரும் சாம்பல், கந்தகப் புகை, பாதரசம் ஆகியவையும் எரிவாயுவில் மிகக் குறைவு. அனல்மின் நிலையத்தின் சாம்பல் கூரையில் படிவதைப் பார்த்து வாழும் வடசென்னை மக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் நடந்ததும் இதை உறுதிப்படுத்துகிறது. 2005-ஆம் ஆண்டில் அந்நாட்டு மின்சாரத்தில் பாதி நிலக்கரியிலிருந்து கிடைத்தது. 2023-இல் அது சுமார் 16 விழுக்காடாகச் சுருங்கியது. பாறைகளைப் பிளந்து எடுத்த எரிவாயு அந்த இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. காற்றாலையும் சூரிய ஒளியும் மீதியில் பங்கு பெற்றன. மின்நிலையங்களின் கரியமில வாயு வெளியேற்றம் அக்காலத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. இவ்வளவு பெரிய குறைவைக் கண்ட பலரும், சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் உலகம் மாறும்வரை எரிவாயுவே நமக்குப் பாலம் என்று பேசத் தொடங்கினர். பன்னாட்டு எரிசக்தி முகமை 2011-இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே, எரிவாயுவின் பொற்காலத்துக்குள் நுழைகிறோமா என்று கேட்டது. அந்த அறிக்கையின் உள்ளே இருந்த ஒன்றைப் பலர் வாசிக்காமல் விட்டனர். எரிவாயு அந்த அளவுக்குப் பெருகினாலும், உலகின் வெப்பம் நெடுங்காலத்தில் 3.5 டிகிரி செல்சியஸ் உயரும் பாதையில்தான் நாம் இருப்போம் என்று அதே அறிக்கை எச்சரித்திருந்தது.

சரி, எரிந்தால் நல்லது. எரியாமல் தப்பினால்?

இதற்கு நாம் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வடக்கே மலைச்சரிவில் அலிசோ கேனியன் என்னும் இடம் உள்ளது. அங்கே எண்ணெய் வற்றிப்போன பழைய பாறை அடுக்குகளுக்குள், கோடைக்காலத்தில் எரிவாயுவை அழுத்திச் சேமித்து வைத்து, தேவை மிகும்போது திரும்ப எடுக்கிறார்கள். நம் ஊரில் நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பது போல. 100-க்கும் மேற்பட்ட கிணறுகள் அங்கே இருந்தன. அவற்றுள் ஒன்று 1953-இல் எண்ணெய்க்காகத் தோண்டப்பட்டது. அதன் அடியில் இருந்த பாதுகாப்பு வால்வை 1979-இல் எடுத்துவிட்டார்கள், திரும்பப் பொருத்தவில்லை. 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று அந்தக் கிணற்றில் கசிவு தெரிந்தது. நிலத்துக்கு அடியில் இரும்புக் குழாய் வெளிப்புறத்தில் அரித்து, உடைந்திருந்தது என்று பின்னர் நடந்த ஆய்வில் கண்டறியப்பட்டது.

மலையடிவாரத்தில் போர்ட்டர் ராஞ்ச் என்ற குடியிருப்பு. மக்களுக்குத் தலைவலி, குமட்டல், மூக்கில் இரத்தம் வடிதல். மீத்தேனை யாரும் காணவில்லை, ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியாது. வாடை மட்டுமே வந்தது. அகச்சிவப்புக் கேமராவில் படம் எடுத்தபோதுதான், மலையிலிருந்து எரிமலைப் புகை போல ஒன்று எழுந்து ஊரின்மேல் சாய்வதை உலகம் பார்த்தது. ஸ்டீபன் கான்லி என்னும் அறிவியலாளர், அளவிடும் கருவி பொருத்திய சிறு விமானத்தில் அந்தப் புகைக்கு ஊடே பலமுறை பறந்தார். உச்ச நேரத்தில் மணிக்கு 60 டன் மீத்தேன் வெளியேறியதாக அவருடைய குழு கணித்தது. அந்த ஒரு கிணறு மட்டும், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதி முழுவதும் வழக்கமாக வெளிவிடும் மீத்தேனை இரண்டு மடங்காக்கியது.

சேற்றுக் கலவையை மேலிருந்து உள்ளே செலுத்தி அடைக்கப் பார்த்தார்கள். வாயுவின் வேகம் அதை வெளியே எறிந்தது. பலமுறை முயன்றும் பயனில்லை. கடைசியில் பக்கத்தில் மற்றொரு கிணறு தோண்டி, மிக ஆழத்தில் பழைய கிணற்றைத் துளைத்துப் பிடித்து, 2016 பிப்ரவரி 11 அன்று கசிவைக் கட்டுப்படுத்தினார்கள். ஒரு வாரத்தில் அது நிலையாக மூடப்பட்டது. அதற்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுச் சென்றிருந்தன; இரண்டு பள்ளிகள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்தன; கிறிஸ்து பிறப்பு விழாவை அம்மக்கள் விடுதி அறைகளில் கழித்திருந்தனர். ஜனவரி 6 அன்று ஆளுநர் அவசர நிலையை அறிவித்தார். மொத்தம் வெளியேறியது 97,100 டன் மீத்தேன் என்பது கான்லி குழுவின் கணக்கு. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் ஓராண்டில் செய்யும் தீங்குக்கு அது நிகர். 2021-இல் பாதிக்கப்பட்டோருக்கு 180 கோடி டாலர் வரை தர உடன்பாடு ஏற்பட்டது.

இந்த நிகழ்வை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் அதன் அளவு அன்று. பன்னாட்டு எரிசக்தி முகமையின் கணக்குப்படி, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகிய மூன்று துறைகளிலிருந்தும் 2023-இல் வெளியேறிய மீத்தேன் சுமார் 12 கோடி டன். அதாவது 1,200-க்கும் மேற்பட்ட அலிசோ கேனியன்கள், ஒரே ஆண்டில். ஒன்று ஊருக்கு அருகில் நடந்ததால் செய்தியானது. மற்றவை பாலைவனத்திலும் பனிவெளியிலும் கடல்மேடைகளிலும், வால்விலும் மூட்டிலும் பம்பிலும் சிறிது சிறிதாக நடப்பவை. அங்கெல்லாம் வாடை சேர்ப்பதும் இல்லை, முகர்ந்து பார்க்க ஆளும் இல்லை.

மீத்தேன் வெளியேறினால் என்ன? அதுவும் கரியமில வாயுவைப் போலவே பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கும் பசுங்குடில் வாயு. வேறுபாடு அதன் வலிமையிலும் ஆயுளிலும் இருக்கிறது. கரியமில வாயுவின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் வானிலேயே தங்கும். மீத்தேன் ஏறக்குறைய 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும். ஆனால் இருக்கும் வரை அதன் சூடு கடுமை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2021-இல் கொடுத்த எண்களின்படி, நிலத்தடியிலிருந்து வரும் ஒரு கிலோ மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் 82.5 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 100 ஆண்டுக் கணக்கில் 29.8 கிலோவுக்குச் சமம்.

இப்போது நம் 100 கிலோவுக்குத் திரும்புவோம். கிணற்றிலிருந்து அடுப்பு வரும் வழியில் எவ்வளவு கசிகிறது? அமெரிக்காவில் பல ஆண்டுகள் களத்தில் அளந்து, 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, உற்பத்தியில் 2.3 விழுக்காடு என்று கூறியது. அரசின் கணக்கைவிட அது ஏறக்குறைய 60 விழுக்காடு அதிகம். நம் கணக்குக்கு 2.3 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். 20 ஆண்டுக் கணக்கில் அது 190 கிலோ கரியமில வாயுவுக்கு நிகர். எரித்ததில் வந்த 275-உடன் கூட்டினால் 465. நிலக்கரிக்கு நாம் கண்ட எண் 475. ஆக, வெறும் வெப்பத்துக்காக எரிப்பதென்றால், இரண்டே விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான கசிவு, எரிவாயுவின் பெருமையை ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கில் எரிவாயுவுக்கு நியாயமாகச் சேர வேண்டிய இரண்டைச் சொல்லாமல் விடக் கூடாது. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்தும் மீத்தேன் வருகிறது. அதை நாம் சேர்க்கவில்லை. மேலும் மின்சாரம் செய்யும்போது, நல்ல எரிவாயு நிலையம் அதே வெப்பத்திலிருந்து நிலக்கரி நிலையத்தைவிடக் கூடுதல் மின்சாரம் தரும். ஆகவே மின்சாரத்தில் எரிவாயு சற்றுக் கூடுதல் கசிவையும் தாங்கும். 100 ஆண்டுக் கணக்கை எடுத்தால் அதே கசிவு 69 கிலோதான், கூட்டினால் 344. அப்போது எரிவாயுவே மேல்.

எந்தக் கணக்கை எடுப்பது? நிறுவனங்களும் அரசுகளும் பெரும்பாலும் 100 ஆண்டுக் கணக்கைப் பயன்படுத்துகின்றன. அதில் தவறில்லை, உலக நாடுகள் ஒப்புக்கொண்ட முறை அது. ஆனால் இன்று முதல் நற்கருணை வாங்கும் குழந்தைக்கு 20 ஆண்டு கழித்து 30 வயதுகூட ஆகியிருக்காது. அந்தப் பிள்ளைகள் குடும்பம் தொடங்கும் காலத்துப் புயலையும் வறட்சியையும் தீர்மானிப்பதில் இந்த 20 ஆண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் காட்டுவதே நேர்மை என்று நாம் கருதுகிறோம். ஒன்றை மட்டும் காட்டுகிறவர் எந்தப் பக்கத்தவரானாலும், மற்றதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கப்பலில் வரும் எரிவாயுவுக்குக் கணக்கு இன்னும் கடினமாகிறது. அதை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால் திரவமாகி, கன அளவு 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும். அப்படிக் குளிர்விக்கவே எரிவாயுவில் ஒரு பகுதியைச் செலவிட வேண்டும். கப்பல் ஓட வேண்டும். போகும் வழியில் கொஞ்சம் ஆவியாகும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹோவார்த் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியாகும் திரவ எரிவாயுவின் தீங்கு, 20 ஆண்டுக் கணக்கில், நிலக்கரியைவிட 33 விழுக்காடு அதிகம் என்கிறது. அவர் எடுத்துக்கொண்ட கசிவு அளவைப் பலர் ஏற்கவில்லை. ஆனால் அவர்களும் கசிவைப் பற்றியே வாதிடுகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இப்படியெல்லாம் சொல்வதால் எரிவாயுவை உடனே மூடிவிடலாம் என்று முடிவு கட்ட முடியுமா? உலகின் எரிசக்தித் தராசைப் பார்த்தால் அந்தத் துணிவு வராது. 2023-இல் உலகம் பயன்படுத்திய மொத்த எரிசக்தியில் எண்ணெய் சுமார் 32 விழுக்காடு, நிலக்கரி சுமார் 26, எரிவாயு சுமார் 23. மூன்றும் சேர்ந்து ஐந்தில் நான்கு பங்கு. ஒரு தட்டிலிருந்து சட்டென்று எடுத்தால் அது வேறொரு தட்டில் ஏறுகிறது. 2022-இல் அதை நாம் கண்கூடாகக் கண்டோம். அந்த ஆண்டு பிப்ரவரியில் உக்ரைன் மீது இரஷ்யா படையெடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் ஏறக்குறைய 45 விழுக்காடு இரஷ்யாவிலிருந்து வந்தது. குழாய் வழி குறைந்ததும் ஐரோப்பா கப்பல் எரிவாயுவை என்ன விலைக்கும் வாங்கத் தொடங்கியது.

ஜூலை மாதம் பாகிஸ்தான் 10 கப்பல் எரிவாயுவுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. ஒருவர்கூட விலை சொல்லவில்லை. அதே மாதம் வங்கதேசம், கட்டுப்படியாகாத விலையால், உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்தி, ஊர் ஊராக மின்சாரத்தை வெட்டியது. பணக்கார நாடு வீட்டைச் சூடாக்க வாங்கியது, ஏழை நாட்டின் மின்விசிறிக்குப் போக வேண்டியது. இதில் சட்டத்தை மீறியவர் எவரும் இல்லை; கூடுதல் விலை கொடுத்தவருக்குக் கப்பல் திரும்பியது, அவ்வளவுதான். உலகின் நிலக்கரிப் பயன்பாடு அந்த ஆண்டு முதன்முறையாக 800 கோடி டன்னைத் தாண்டியது. பாலம் என்று நம்பிய எரிவாயு கைக்கு எட்டாதபோது, பலர் பழைய கரையில் இருந்த நிலக்கரிக்கே திரும்பினர்.

நம் நாட்டின் தராசு வேறு விதமாகச் சாய்ந்திருக்கிறது. இந்தியாவின் எரிசக்தியில் நிலக்கரி பாதிக்கும் மேல். இயற்கை எரிவாயு ஏறக்குறைய 6 விழுக்காடுதான். 2030-க்குள் 15 விழுக்காடாக்குவது அரசு வைத்த இலக்கு.

தராசில் தெரியாத ஒரு எடையும் உண்டு. அது விறகு அடுப்பின் முன் குனிந்து ஊதும் பெண்ணின் நுரையீரல். உலகில் 200 கோடிக்கும் மேற்பட்டோர் இன்னும் விறகிலும் வறட்டியிலும் கரியிலும் சமைக்கிறார்கள். வீட்டுக்குள் நிறையும் அந்தப் புகையால் 2020-இல் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் கணிக்கிறது. 2016 மே முதல் நாள் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் 10 கோடிக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்கள் கேஸ் இணைப்புப் பெற்றன. அடுத்த சிலிண்டர் வாங்கப் பணம் இல்லாமல் விறகுக்குத் திரும்பியவர்களும் அவர்களில் உண்டு. அந்த அம்மாவிடம் போய் எரிவாயு வானத்தைக் கெடுக்கிறது என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? 2018 ஜூன் 9 அன்று எண்ணெய் நிறுவனத் தலைவர்களை வத்திக்கானில் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், புதிய எண்ணெய், எரிவாயு வளங்களைத் தேடிக்கொண்டே இருப்பது கவலை தருவதாக அவர்களிடம் கூறினார். அதே உரையில், நூறு கோடிக்கும் மேற்பட்டோருக்கு மின்சாரமே இல்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே கேள்வியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோவோம். அங்கே நடக்கும் வீணடிப்பு நம்மைத் திடுக்கிட வைக்கும். எண்ணெய் எடுக்கும்போது கூடவே எரிவாயு வரும். அதைக் கொண்டுபோகக் குழாய் போடுவது செலவு என்று பல இடங்களில் அங்கேயே கொளுத்திவிடுகிறார்கள். 2024-இல் இப்படிக் கொளுத்தப்பட்டது 15,100 கோடி கன மீட்டர் என்று உலக வங்கி செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணித்தது. இந்தியா முழுவதும் ஓராண்டில் பயன்படுத்தும் எரிவாயுவைப் போல் அது இரு மடங்குக்கும் மேல். அது முழுவதும் எரிவதும் இல்லை. 98 விழுக்காடு எரிகிறது என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். அமெரிக்க வயல்களின் மேலே பறந்து அளந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு, சில சுடர்கள் அணைந்தே கிடப்பதையும் சேர்த்துப் பார்த்தால், 91 விழுக்காட்டு மீத்தேன்தான் அழிகிறது என்றது. மீதி அப்படியே வானுக்குப் போகிறது.

வியப்பு என்னவென்றால், இதைத் தடுக்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. தேய்ந்த வால்வை மாற்றுவது, மூட்டுகளை முறையாகச் சோதிப்பது, வீணாகும் வாயுவைப் பிடித்து விற்பது, இவைதான் வழிகள். அந்தத் துறைகளின் மீத்தேனில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை இன்றுள்ள தொழில்நுட்பத்திலேயே தடுக்கலாம் என்கிறது பன்னாட்டு எரிசக்தி முகமை. அதிலும் 2023-இன் விலைப்படி பார்த்தால், மொத்தத்தில் 40 விழுக்காட்டைத் தடுக்கும் செலவு, பிடித்த வாயுவை விற்றாலே திரும்பிவிடும். மீத்தேன் 12 ஆண்டுகளில் சிதைவதால், இன்று அடைத்த கசிவின் பலனை நாமே உயிரோடு இருந்து பார்க்கலாம். கரியமில வாயுவில் அந்த ஆறுதல் இல்லை.

ஏன் செய்யவில்லை? யாரும் அளக்காதவரை யாருடையது என்று தெரியவில்லை. இப்போது அது மாறி வருகிறது. 2017 அக்டோபரில் ஏவப்பட்ட ஐரோப்பியச் செயற்கைக்கோள் ஒன்றின் தரவுகளைக் கொண்டு, 2019, 2020 ஆகிய இரு ஆண்டுகளில் நடந்த பெருங்கசிவுகள் சுமார் 1,800-ஐ ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அவற்றில் பெரும்பகுதி எண்ணெய், எரிவாயு வயல்களில். துர்க்மெனிஸ்தான், இரஷ்யா, அமெரிக்கா என்று பட்டியல் நீண்டது. மீத்தேனை அளப்பதற்கென்றே 2024 மார்ச்சில் ஏவப்பட்ட மீத்தேன்சாட் என்ற கோளுடன் 2025 ஜூனில் தொடர்பு அறுந்துபோனது ஓர் இழப்புதான். ஆனாலும் வேறு கோள்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், 2030-க்குள் மீத்தேன் வெளியேற்றத்தை 2020-இன் அளவிலிருந்து 30 விழுக்காடு குறைப்பதாக நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உறுதி எடுத்தன. சீனாவும் இரஷ்யாவும் இந்தியாவும் அதில் சேரவில்லை. நம் மீத்தேனில் பெரும்பங்கு கால்நடையிலிருந்தும் நெல்வயலிலிருந்தும் வருவதால், சிறு விவசாயிமேல் சுமை விழும் என்பது இந்தியாவின் தயக்கம். அதில் நியாயம் இருக்கிறது. எரிவாயுக் குழாயின் கசிவுக்கு அந்த நியாயம் பொருந்தாது. 2023 டிசம்பரில் துபாய் மாநாடு, நிலத்தடி எரிபொருள்களை விட்டு விலகிச் செல்ல வேண்டும் என்று முதன்முறையாக எழுதியது. அதே தீர்மானத்தில் இடைக்கால எரிபொருள்களுக்கும் பங்கு உண்டு என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. எரிவாயு என்ற சொல் அந்த வரியில் இல்லை. ஆனால் யாருக்காக எழுதப்பட்டது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

வாங்குகிறவர் கேட்டால் விற்கிறவர் அளப்பார் என்ற எண்ணத்தில், ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அங்கே எரிவாயு விற்க வருகிறவர்கள், தங்கள் கிணறுகளில் மீத்தேன் கசிவை முறையாக அளந்து சரிபார்த்ததை 2027 முதல் காட்ட வேண்டும் என்று அது வகுத்தது. அதைத் தளர்த்தும்படி விற்பனை நாடுகளிடமிருந்து அழுத்தமும் எழுந்தது. இந்தியா 2023-24-ஆம் ஆண்டில் தன் எரிவாயுத் தேவையில் பாதிக்கு அருகில் கப்பல் வழியாக வாங்கியது. எண்ணூர் முனையத்திலும் அப்படித்தான் வந்து இறங்குகிறது. அது எந்தக் கிணற்றிலிருந்து வந்தது, வரும் வழியில் எவ்வளவு தப்பியது என்பதைக் கேட்டு வாங்கும் விதி இங்கே இன்னும் எழுதப்படவில்லை.